குடல் கசியுதுன்னு பவுடர் விக்கிறாங்க, வாங்கலாமா?

4 ஜூன், கேள்வி

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. குடல் உள்சுவர்ல ஓட்டை விழுந்துடுமாம், அது வழியா விஷம் ரத்தத்துல கலந்து மூட்டு வலி, அரிப்பு, சுகர், தூக்கமின்மை எல்லாம் வருமாம், லீக்கி கட்னு பேராம். அதுக்கு ஒரு பவுடர், மாசத்துக்கு 2,800 ரூபா. எனக்கு 46 வயசு, முட்டி வலி, வயிறு உப்புசம் ரெண்டும் இருக்கு. வீட்ல வாங்கிடலாம்னு நிக்கிறாங்க. யாராச்சும் சாப்பிட்டுப் பாத்தீங்களா?

4 ஜூன், ராத்திரி

தென்காசி பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். பவுடரைப் பத்தி அப்புறம் பேசலாம். முட்டி வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க, எவ்வளவு நாளா? அட்டையைத் திருப்பி பின்னாடி சின்ன எழுத்துல இருக்கறத டைப் பண்ணுங்க.

5 ஜூன்

நெனச்சேன். அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது, தினம் ஒண்ணு, சில நாள் ரெண்டு, ஒன்றரை வருஷமா. "கூடவே காலைல கேஸ் மாத்திரை போட்டுடுறேன், அதனால வயித்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு வேற எழுதியிருக்கீங்க. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

கேஸ் மாத்திரைன்னு நாம சொல்ற பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகையறா இரைப்பைல அமிலம் சுரக்கறத கொறைக்கும். இரைப்பைப் புண்ணுக்கு அது நல்ல பாதுகாப்பு, அதுல சந்தேகமில்ல. ஆனா இரைப்பையத் தாண்டி பல அடி நீளத்துக்கு சிறுகுடல் கிடக்கு, ஆரம்பத்துல கொஞ்ச தூரத்தைத் தாண்டினா அங்க அமிலமே கிடையாது, அப்புறம் அமிலத்தைக் கொறச்சு என்ன பிரயோஜனம்? லண்டன்ல 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு. எந்த நோயும் இல்லாத 40 பேருக்கு டைக்ளோஃபினாக்ங்கற வலி மருந்து 75 மி.கி. தினம் ரெண்டு வேளை, கூடவே ஒமெப்ரசோல், ரெண்டு வாரம். முன்னாடியும் பின்னாடியும் கேமரா கேப்ஸ்யூல் முழுங்க வச்சுப் பாத்தாங்க. 68 சதவீதம் பேருக்கு சிறுகுடல்ல புதுசா ஏதோ ஒரு பாதிப்பு, சிலருக்கு சிவந்து கிடக்கு, சிலருக்கு புண்ணு, சிலருக்கு ரத்தக் கசிவு. இத்தனைக்கும் கேஸ் மாத்திரை போட்டுக்கிட்டேதான்.

ஏன் இப்படின்னா, இந்த வலி மாத்திரைங்க (பாராசிட்டமாலைச் சொல்லல, அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக் வகையைச் சொல்றேன்) மூணு வழில அடிக்குது. ஒண்ணு, குடல் சுவரைப் பாதுகாக்குற புரோஸ்டாகிளாண்டினோட உற்பத்தியையே நிறுத்துது (வலி கொறையறதும் இதே வேலையாலதான், அதான் சிக்கல்). ரெண்டு, குடல் செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை நேரடியா கெடுக்குது, செல்லுக்கு சக்தி இல்லன்னா பக்கத்து செல்லைப் பிடிச்சுக்கிட்டிருக்குற இணைப்பு தளர்ந்துடும். மூணாவதுதான் பலருக்குத் தெரியாது. டைக்ளோஃபினாக் மாதிரி மருந்துங்க ஈரலுக்குப் போயி பித்த நீரோட சேர்ந்து மறுபடி குடலுக்கே வருது, அங்க பாக்டீரியா அதை உடைச்சு பழையபடி மருந்தாவே ஆக்கிடுது. ஆக நீங்க போட்டது ஒரு மாத்திரைன்னாலும் குடல் அதைத் திரும்பத் திரும்பப் பாக்குது.

குடல் கசிவு கூடுறதுக்கு வாரக்கணக்கு, மாசக்கணக்கெல்லாம் வேண்டாம், போட்ட ஒரே நாளுக்குள்ள கூடுறத 1980கள்லயே இங்வார் பியார்னசன் குழு அளந்து காட்டிடுச்சு. எல்லாருக்கும் அது புண்ணா மாறாது, நெறைய பேருக்கு தானா ஆறிடும். தினம் போடுறவங்க கதைதான் வேற.

5 ஜூன், கொஞ்சம் கழிச்சு

படிச்சுட்டு ஒருத்தர் உள்பெட்டில கேட்டார், அப்போ இதய நோய்க்கு போடுற ஆஸ்பிரின் 75ஐயும் நிறுத்திடவான்னு. நிறுத்தாதீங்க ஐயா! ஸ்டென்ட் வச்சவங்க ஆஸ்பிரினை தானா நிறுத்துனா ரத்தம் உறைஞ்சு உயிருக்கே ஆபத்து. நான் பேசறது டாக்டர் சீட்டு இல்லாம கடைல வாங்கி வருஷக்கணக்கா போடுற வலி மாத்திரை. எழுதிக் குடுத்த மாத்திரையா இருந்தா எழுதிக் குடுத்தவர்ட்டயே கேளுங்க.

6 ஜூன்

இந்த விஷயத்துல எனக்கு இவ்வளவு கோவம் ஏன்னா எங்க அத்தை. பீடி சுத்துறவங்க, பொழுதன்னிக்கும் சொளவ மடில வச்சு சம்மணம் போட்டு உக்காந்தே இருக்கணும், முட்டியும் இடுப்பும் போயிடுச்சு. எங்க ஊர்ப் பக்கம் கடைக்கு வர்ற பாதிப் பொம்பளைங்க இந்தக் கதைதான். "தம்பி, கால் தாங்கல, அந்த மஞ்ச மாத்திரைல ஒரு பத்து கிழிச்சுத் தா"ன்னு வந்து நிப்பாங்க, பேரெல்லாம் தெரியாது, கலர்தான். சிலர் "ஒரு செட் குடு"ம்பாங்க, அதாவது காகிதக் கவர்ல பிரிச்சுப் போட்ட மூணு நாலு மாத்திரை, எதுல என்ன இருக்குன்னு வாங்குறவங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியாது. அத்தை என் கடைல வாங்க மாட்டாங்க, நான் கேள்வி கேப்பேன்ல, அதனால பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற கடை.

ஹீமோகுளோபின் 7க்கு வந்துடுச்சு. ரத்தம் ஏத்துனாங்க, இரும்பு மாத்திரை குடுத்தாங்க, மறுபடி இறங்குச்சு. மேல எண்டோஸ்கோபி சுத்தம். கீழ கொலனோஸ்கோபி சுத்தம். "வயசு, சத்துக் கொறவு"ன்னு அனுப்பிட்டாங்க ஒரு எடத்துல. இன்னொரு எடத்துல ஒரு சின்னப் பையன் டாக்டர்தான் மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லிருக்கான். அப்புறம் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி. பெரிய சைஸ் வைட்டமின் மாத்திரை அளவு இருக்கும், முன்னாடி கண்ணாடி, உள்ள லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு, இடுப்புல பெல்ட் கட்டி ஒரு பொட்டியை மாட்டிடுறாங்க. எட்டு மணி நேரம் போல அது போற வழியெல்லாம் படம் எடுத்துத் தள்ளுது. அத்தைக்கு ஒரே சந்தேகம், இதை வெளிய வந்ததும் கழுவித் திருப்பிக் குடுக்கணுமான்னு. வேண்டாம் அத்தை, அது போறது போவட்டும்.

படத்துல சிறுகுடல்ல அங்கங்க வெட்டுன மாதிரி ஆழமில்லாத புண்ணு. ஒரு எடத்துல சுவர் உள்பக்கமா மெல்லிசா வளையமா சுருங்கி நிக்குது, டயாஃப்ரம்னு சொல்றாங்க, இது ரொம்ப நாள் வலி மாத்திரை போட்டவங்களுக்குன்னே வர்ற அடையாளம். அது இன்னும் இறுகியிருந்தா கேப்ஸ்யூலே அங்க மாட்டியிருக்குமாம். மாத்திரையை நிறுத்துனாங்க, ரத்தம் மெல்ல ஏறுச்சு. முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அதுக்கு நல்ல முடிவு இன்னும் கிடைக்கல. தேவைன்னா பாராசிட்டமால், பிசியோதெரபி, பலகை மேல உக்காந்து சுத்துறது, அவ்வளவுதான் ஓடுது.

8 ஜூன்

மேல ஒருத்தர் "குடலை விரிச்சா ஒரு டென்னிஸ் கோர்ட்"னு எழுதியிருக்கார். பழைய பாடப் புத்தகக் கணக்கு அது. 2014ல ஸ்வீடன்ல கோத்தன்பர்க் ஆளுங்க திருப்பி அளந்து, செரிமானப் பாதை மொத்தமும் சேர்த்து 32 சதுர மீட்டர் போலத்தான்னு சொல்லிட்டாங்க. பாதி பேட்மிண்டன் கோர்ட். அதுவே பெருசுதான், ஏன்னா அந்தப் பரப்புல பெரும்பாலான எடத்துல வெளி உலகத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல நிக்கறது ஒரே ஒரு செல் வரிசை. அந்த வரிசையும் நாலஞ்சு நாளுக்கு ஒருக்கா உதிர்ந்து புதுசா வளருது.

வீடியோல காட்டுற மாதிரி "ஓட்டை"ங்கறதுதான் எனக்கு ஒத்துக்கல. குடல் கசியாத பாத்திரமா இருந்தா நாம சாப்பிடறது எதுவும் உள்ளயே போகாது. அது மண்பானை மாதிரி, கசியறதுதான் அதோட வேலையே, எவ்வளவு, எது, எங்கங்கறதுதான் கேள்வி. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல க்ளாடின், ஆக்லூடின்னு புரதங்கள் சேர்ந்து இறுக்கிப் பிடிச்சிருக்கு (ஆக்லூடினை 1993லயும் க்ளாடினை 1998லயும் ஜப்பான்ல சுகிதா குழு கண்டுபிடிச்சது). க்ளாடின்லயே பல வகை, சில வகை இறுக்கும், சில வகை வேணும்னே உப்பையும் தண்ணியையும் விடும்.

அளக்க ஒரு வழி இருக்கு. மானிட்டால்னு சின்ன சர்க்கரை, லாக்டுலோஸ்னு பெரிய சர்க்கரை, ரெண்டையும் கரைச்சுக் குடிக்கச் சொல்லி அடுத்த சில மணி நேரத்து மூத்திரத்தை மொத்தமா சேர்த்து வச்சு எது எவ்வளவு வந்துச்சுன்னு பாப்பாங்க. பெருசு அதிகமா வந்தா கசிவு கூடியிருக்குன்னு அர்த்தம். ஆராய்ச்சிக்கு நல்லா உதவுது. தனி ஆளுக்கு "உங்களுக்கு இந்த வியாதி"ன்னு சொல்ல உதவாது.

9 ஜூன்

குடல் கசிவைக் கண்டுபிடிக்கன்னு எடுக்கற சோனுலின் டெஸ்ட் பத்திக் கேட்ட சகோவுக்கு. காலரா கிருமி குடல் இணைப்பைத் தளர்த்த ஒரு நச்சு விடுது, அதே மாதிரி வேலை செய்யற பொருள் நம்ம உடம்புலயே இருக்கணுமேன்னு தேடிப் போயி 2000ல அலெசியோ ஃபசானோ குழு சோனுலின்னு பேர் வச்சாங்க. யோசனை அழகு, சீலியாக் நோய்ல (கோதுமைப் புரதம் ஒத்துக்காம சிறுகுடல் கெடுறது) நல்லா பொருந்துச்சு. ஆனா அதை மறிக்கிற லாராசோடைட் மருந்து 2022ல கடைசிக் கட்ட சோதனைல தேறாம நிறுத்திட்டாங்க. அது கூடப் பரவால்ல, லேப்ல விக்கிற சோனுலின் கிட் பலதும் சோனுலினையே அளக்கல, வேற ஏதோ புரதத்தை அளக்குதுன்னு 2018ல இருந்து ஆய்வுகள் வந்துடுச்சு. இப்பவும் ஆயிரக்கணக்குல வாங்கிட்டுத்தான் டெஸ்ட் எடுக்குறாங்க. காசை மிச்சப்படுத்தி ஹீமோகுளோபின் பாருங்க.

11 ஜூன்

"சனி ஞாயிறு மட்டும் ரெண்டு பெக், அது கணக்குல வருமா"ன்னு ஒரு அண்ணன். அண்ணே, நான் டாஸ்மாக்குக்கு எதிரா பிரசாரம் பண்ண வரல. ரெண்டு பெக் கணக்கு எனக்குத் தெரியாது, தினமும் குடிக்கறவங்க கணக்கு தெரியும். அவங்களுக்கு கசிவு கூடியிருக்கறதும், குடிய நிறுத்தி ரெண்டு வாரம் ஆகியும் பலருக்கு அது இறங்காம இருக்கறதும் 1984லயே அளந்தது. குடல்ல இருந்து போற ரத்தம் முதல்ல ஈரலுக்குத்தான் போகுது, அதனால குடல் விட்ட பாக்டீரியாத் துணுக்கெல்லாம் அங்கதான் வந்து இறங்கும். குடிகாரர் ஈரல் கெடுறதுல சாராயத்தோட பங்கு பாதின்னா இந்தக் கசிவுக்கும் ஒரு பங்கு இருக்கு.

மாரத்தான் ஓடுற தம்பி, உனக்குத் தனியா சொல்லணும். வெயில்ல ரொம்ப நேரம் ஓடுனா ரத்தம் தோலுக்கும் காலுக்கும் போயி குடலுக்கு கொறஞ்சுடும், அந்த நேரம் குடல் கசியும். தென்னாப்பிரிக்கால கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடுற காம்ரேட்ஸ் ஓட்டத்துல சுருண்டு விழுந்தவங்க ரத்தத்துல பாக்டீரியா நச்சு இருந்தத 1988லயே எழுதிட்டாங்க. ஓடிட்டு கொஞ்ச நேரத்துல அது சரியாயிடும், பயப்படாத. ஆனா ஓட்டத்துக்கு முன்னாடி "தடுப்புக்கு" ஒரு ஐபுப்ரோஃபென் போடுறியே, அதை விடு. சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு 400 மி.கி. குடுத்துப் பாத்ததுல குடல் செல் சேதம் வெறும் உடற்பயிற்சியை விட அதிகம்.

15 ஜூன்

கடைல கூட்டம், நாலு நாளா இந்தப் பக்கம் வரல. அதுக்குள்ள இங்க பேச்சு மிளகாத் தூள், ஆர்ஓ தண்ணி, பிளாஸ்டிக் டப்பான்னு எங்கயோ போயிருக்கு. மிளகாய் பத்தி மட்டும் சொல்றேன், ஆய்வுக்கூடத் தட்டுல வளர்த்த குடல் செல் மேல கேப்சைசின் (மிளகாயோட காரப் பொருள்) ஊத்துனா இணைப்பு கொஞ்ச நேரம் திறந்து மூடுது, இதை வச்சு குழம்பை நிறுத்தச் சொல்றவர் முதல்ல அவர் வீட்ல நிறுத்திக் காட்டட்டும்.

எனக்கு இதை விட முக்கியமா படறது வேலூர்க் கதை. 1960களோட ஆரம்பத்துல வட ஆற்காடு கிராமங்கள்ல ஸ்ப்ரூங்கற வயித்துப்போக்கு நோய் அலையா வந்துச்சு, மாசக்கணக்கா போயி உடம்பு உருகிச் செத்தவங்க நெறைய. வேலூர் சிஎம்சில செல்வின் பேக்கரும் வி.ஐ. மதனும் அதைத் தேடிப் போனாங்க. நோயாளி குடலை மட்டும் பாக்காம, ஒண்ணும் ஆகாத கிராமத்து ஆளுங்க சிறுகுடல்ல இருந்தும் துளி சதை எடுத்துப் பாத்தாங்க. வெள்ளைக்காரன் புத்தகத்துல விரல் மாதிரி நீளமா நிக்க வேண்டிய குடலுறிஞ்சி (சத்தை உறிஞ்சுற சின்னச் சின்ன முளை), நம்ம ஆரோக்கியமான ஆளுங்களுக்கு இலை மாதிரி, வரப்பு மாதிரி தட்டையா, குட்டையா இருந்துச்சு. நல்லாத்தான் சாப்பிடுறான், வேலை செய்யறான், ஆனா குடல் கொஞ்சம் அடிபட்டே கிடக்கு.

பிறவிலயே நாம அப்படியோன்னா, இல்ல. அமெரிக்காவுல இருந்து பாகிஸ்தானுக்கும் தாய்லாந்துக்கும் வந்த பீஸ் கோர்ங்கற அமெரிக்க அரசு அமைப்போட தொண்டர்களுக்கும் இங்க வந்து மாசக்கணக்குல அதே மாற்றம் வந்துச்சு, ஊருக்குத் திரும்புனதும் சரியாச்சு. நியூயார்க்குல குடியேறுன இந்தியர், பாகிஸ்தானியர் குடலும் மெல்ல மெல்லத் தேறுறதா 1971ல எழுதுனாங்க. ஆக ஊர்ல இருக்கற தண்ணி, மலக் கிருமி, திரும்பத் திரும்ப வர்ற தொற்று. வீடியோல இந்தப் பேச்சே வராது, ஏன்னா இதுக்கு பவுடர் கிடையாது, சாக்கடை கட்டணும்.

16 ஜூன்

நேத்து எழுதினதுக்கு ஒரு ஒட்டு. கக்கூஸ் கட்டி கை கழுவச் சொன்னா போதும்னு படிக்கிறவங்க நெனச்சுடக் கூடாது. கிருமி கொறஞ்சா குடல் தேறி குழந்தைங்க நல்லா வளரும்னு நம்பித்தான் பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வேல பெரிய அளவுல கழிப்பறை, சோப்பு, குடிதண்ணி குடுத்துப் பாத்தாங்க, 2018, 2019ல முடிவு வந்துச்சு. குழந்தைங்க உயரம் அதனால கூடல. பங்களாதேஷ்ல பேதி கொறஞ்சுச்சு, வளர்ச்சி அசையல. வீட்டு முற்றத்துல கோழி எச்சம், மண்ணுல தவழுற குழந்தை, இதெல்லாம் ஒரு குழி கக்கூஸால மாறாது போல. குழாய்த் தண்ணியும் பாதாளச் சாக்கடையும் ஊர் மொத்தத்துக்கும் வந்தாத்தான் நடக்கும்னு எனக்குத் தோணுது, இது என் அபிப்பிராயம்.

20 ஜூன்

"கெடுக்கறத மட்டுமே சொல்றீரே, காப்பாத்தறது என்ன"ன்னு அந்த கோயம்புத்தூர் அக்கா திட்டுறாங்க. சரி.

பெருங்குடல்ல செல்லுக்கு மேல சளிப் படலம் ரெண்டு அடுக்கா இருக்கு, வெளி அடுக்குல பாக்டீரியா குடியிருக்கும், உள் அடுக்கு கிட்டத்தட்ட காலி (2008ல கோத்தன்பர்க்ல குன்னார் ஹான்சன் குழு காட்டுனது). பாக்டீரியாவுக்கு சாப்பாடு நார்ச்சத்து. அது வரலன்னா சும்மா இருக்காது, சளியையே தின்ன ஆரம்பிக்கும். 2016ல எலிங்கள்ல இதைப் பச்சையா காட்டிட்டாங்க, நார் இல்லாத தீனி போட்டதும் படலம் தேய்ஞ்சு கிருமி சுவர் வரைக்கும் வந்துடுச்சு. நார் கிடைச்சா அதுங்க ப்யூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலம் தயாரிக்கும், பெருங்குடல் செல்லுக்கு அதுதான் முதல் எரிபொருள்.

நம்ம ஊர் ஆதாரமே இருக்கு. வேலூர்ல ராமகிருஷ்ணா குழு காலரா நோயாளிங்க 48 பேருக்கு, சில பேருக்கு சாதா ஓஆர்எஸ், சில பேருக்கு செரிக்காத மாவுச்சத்து சேர்த்த ஓஆர்எஸ் குடுத்தாங்க, மாவுச்சத்து குடிச்சவங்களுக்கு பேதி கொறஞ்சு சீக்கிரம் நின்னுச்சு, 2000ல வெளியாச்சு. பங்களாதேஷ்ல விடாம பேதி போற குழந்தைங்களுக்கு வாழைக்காயை வேகவச்சு சோத்துக் கஞ்சில பிசைஞ்சு குடுத்தாங்க, பேதியும் கொறஞ்சுச்சு, லாக்டுலோஸ் மானிட்டால் வச்சு அளந்த கசிவும் கொறஞ்சுச்சு. வாழைக்காய்! பவுடர் காசுல ஒரு தாரே வாங்கலாம்.

பழைய சோறும் இதுல சேருமான்னா, சோறு ஆறுனா அதுல இருக்கற மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத வகையா மாறும், அது உண்மை. அதுக்காக பழைய சோறு எல்லா நோயும் தீர்க்கும்னு ஃபார்வேர்டு அனுப்பாதீங்க. சுகர்காரர் ஒரு சட்டி வெட்டிட்டு என் கடைக்கு மாத்திரை வாங்க வர்றார்.

பாக்கெட் ஐட்டம் வாங்குனா பின்னாடி ஐஎன்எஸ் (உணவுல சேர்க்கிற பொருளுக்கான எண்) 466, 433ன்னு இருக்கான்னு பாருங்க. முதலாவது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ரெண்டாவது பாலிசார்பேட் 80. எலிங்கள்ல ரெண்டும் சளிப் படலத்தைக் கெடுத்துச்சு (2015). மனுஷங்கள்ல 466ஐ தினம் 15 கிராம், 11 நாள் குடுத்துப் பாத்ததுல ரெண்டு பேருக்கு பாக்டீரியா சுவருக்குப் பக்கத்துல வந்துச்சு. 15 கிராம் ரொம்ப அதிகம். குழந்தை வாரத்துக்கு ஒரு ஐஸ்க்ரீம் தின்னா தூக்கம் கெட வேண்டாம்.

23 ஜூன்

பவுடர் டப்பாவோட ஃபோட்டோ போட்டதுக்கு நன்றி. குளுட்டமின், மஞ்சள், இஞ்சி, அதிமதுரம், ஸ்டீவியா. குளுட்டமினை மட்டமா பேச மாட்டேன், 2019ல ஒரு நல்ல சோதனை வந்துருக்கு. வயித்துத் தொற்றுக்கு அப்புறம் பேதியோட ஐபிஎஸ் (அடிக்கடி வயித்து வலியும் மலம் போறதுல கோளாறும் வர்ற குடல் தொந்தரவு) வந்து, கசிவும் கூடியிருக்குன்னு அளந்து உறுதி பண்ணுன 106 பேர். 5 கிராம், தினம் மூணு வேளை, 8 வாரம். சாப்பிட்டவங்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் பேருக்கு கேட்டுச்சு, சும்மா பவுடர் சாப்பிட்டவங்கள்ல 6 சதவீதம்தான். ஒரே மருத்துவமனைல நடந்த சோதனை, நம்ப முடியாத அளவு நல்ல முடிவு, வேற எடத்துலயும் வரணும். இப்போ உங்க டப்பால ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு? 2 கிராம். தினம் ஒரு ஸ்பூன். உங்களுக்கு தொற்றும் வரல, பேதியும் இல்ல.

24 ஜூன்

நான் இதையெல்லாம் எழுதுறதப் பாத்துட்டு "குடல் கசிவே டூப்பு"ன்னு ஒரு தம்பி முடிவு கட்டிட்டான். அப்படி இல்லடா. க்ரோன்ஸ் (குடல்ல நாள்பட்ட அழற்சி வர்ற நோய்) நோயாளிங்களோட பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்கன்னு ஆரோக்கியமா இருந்த ஆயிரத்துக்கும் மேல ஆளுங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்ததுல, ஆரம்பத்துலயே கசிவு கூடியிருந்தவங்களுக்குத்தான் பின்னாடி க்ரோன்ஸ் வர்ற வாய்ப்பு அதிகமா இருந்துச்சு, 2020ல வெளியான சேதி. அதனால கசிவு முன்னாடியே வந்து நிக்கற விஷயமாவும் இருக்கலாம். ஆனா கசிவை அடைச்சா நோய் வராதுன்னு அதுக்கு அர்த்தமில்ல, அதை இன்னும் யாரும் காட்டல. சுகர், அரிப்பு, தூக்கமின்மை எல்லாத்தையும் இதுல கொண்டு வந்து கட்டுறதுதான் எனக்குப் பிடிக்கல.

2 ஜூலை

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார்: ஹீமோகுளோபின் 10.4, எலும்பு டாக்டர் மாத்திரையை நிறுத்தி களிம்பும் தொடைக்குப் பயிற்சியும் குடுத்திருக்கார், ரத்தக் கொறவுக்கு வயித்து டாக்டர்ட்ட அனுப்பியிருக்கார். நல்லது. ஆம்பளைக்கு 10.4 கம்மி, காரணம் கண்டுபிடிக்காம இரும்பு மாத்திரைய மட்டும் போட்டு மூடிடாதீங்க, மலம் தார் மாதிரி கருப்பா போச்சுன்னா அன்னிக்கே போங்க. இரும்பு மாத்திரை போட்டாலும் கருப்பாத்தான் போகும், அதனால எது எப்போ ஆரம்பிச்சீங்கன்னு டாக்டர்ட்ட சரியா சொல்லுங்க.

நடுவுல குழந்தை பேதிக்கு ஜிங்க் பத்திக் கேட்ட அம்மாவுக்கு: ஜிங்க் குடல் சுவர் தேற உதவுது, ஓஆர்எஸ்ஸோட சேர்த்து 10லேருந்து 14 நாள் குடுக்கச் சொல்லி 2004லேருந்து இருக்கு. கடைல நான் பாக்கறது, பேதி மூணாம் நாள் நின்னதும் பாட்டிலை ஃப்ரிட்ஜ் மேல தூக்கி வச்சுடுறாங்க. டாக்டர் எழுதுன அளவுல, எழுதுன நாள் வரைக்கும் குடுங்கம்மா. வாந்தி எடுத்தா கொஞ்சம் பொறுத்து மறுபடி குடுங்க, ஓஆர்எஸ் பாக்கெட்டை அதுல போட்டிருக்கற அளவுத் தண்ணில முழுசா கரைங்க, அரை பாக்கெட் அரை டம்ளர்னு கண்ணளவுல வேண்டாம்.